இரண்டு இணைய இணைப்பு: வேகத்துக்கா, வியாபாரம் நிற்காமலிருக்கவா?

பில் போடுவது, கார்ட் மெஷின், வங்கிக் கொடுக்கல் வாங்கல், கிளைக் கடையின் இருப்புப் பார்ப்பது என்று எல்லாமே இன்று இணையத்தில்தான் நடக்கிறது. லைன் விழுந்தால் வாடிக்கையாளர் கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதற்காகவே நம்மவர்கள் பலர் இரண்டாவது இணைப்பொன்றையும் எடுக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "50 மெகாபிட் லைன் இரண்டு எடுத்தால் 100 மெகாபிட் வேகம் கிடைக்குமா நானா?" என்பதுதான்.

கடை முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழக் கிடைக்கும். தனி ஒரு வேலைக்குக் கிடைக்காது.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் சரக்கு அனுப்புவதை எண்ணிப் பாருங்கள். அம்பேபுஸ்ஸையில் பாதை பிரிகிறது. கேகாலை வழியாகவும் போகலாம், குருநாகல் வழியாகவும் போகலாம். பத்து லொறிகளை இரண்டு பாதையிலும் பிரித்து விட்டால் நெரிசல் குறையும். ஆனால் ஒரு லொறி ஒரு பாதையில்தான் ஓடும். அதன் வேகம் இரட்டிப்பாகாது.

இணையத்தில் தகவல் இலக்கமிட்ட சிறு பொதிகளாகப் போகிறது. ஒரே கோப்பின் பொதிகளை இரு லைனிலும் மாற்றி மாற்றி அனுப்பினால் அவை வரிசை குலைந்து போய்ச் சேரும். வழியில் தொலைந்துவிட்டதென்று எண்ணி, அனுப்பும் கணினி திரும்பவும் அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே ரவுட்டர் ஒரு வேலையை எந்த லைனில் தொடங்கியதோ, அதிலேயே முடிக்கிறது. லோட் பேலன்சிங் எனப்படும் சுமைப் பகிர்வு பெரும்பாலும் இவ்வளவுதான்.

இதை ஒழுங்காகச் செய்ய நாம் கவனிக்க வேண்டியவை:

1. பங்கீடு. ஒரு லைன் 100 மெகாபிட், மற்றது 20 மெகாபிட் என்றால் வேலையைச் சரிபாதியாகப் பிரிக்கக் கூடாது. ஐந்துக்கு ஒன்று என்று ரவுட்டரில் அமைக்கச் சொல்லுங்கள்.

2. வங்கி. ஒவ்வொரு லைனுக்கும் வெளியுலகில் வெவ்வேறு முகவரி உண்டு. நீங்கள் உள்நுழைந்தது ஒரு முகவரியிலும் அடுத்த கட்டளை இன்னொரு முகவரியிலும் போனால், சில வங்கித் தளங்கள் சந்தேகப்பட்டு உங்களை வெளியேற்றிவிடும். எங்கள் கடையில் வங்கி வேலை எப்போதும் ஒரே லைனில் போகும்படி கட்டிவைத்திருக்கிறோம். அந்த லைன் விழுந்தால் மட்டுமே மற்றதுக்கு மாறும்.

3. பழுதை அறிதல். பெட்டியில் விளக்கு எரிவதால் மட்டும் இணையம் இருக்கிறதென்று அர்த்தமில்லை. பழுது அதற்கப்பாலும் இருக்கலாம். 8.8.8.8, 1.1.1.1 போன்ற வெளி முகவரிகள் இரண்டையேனும் ரவுட்டர் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும்.

4. பாதை. மேலே சொன்ன இரு பாதைகளும் அம்பேபுஸ்ஸ வரை ஒன்றேதான். நிட்டம்புவவில் மரம் விழுந்தால் எல்லா லொறியும் நிற்கும். 2008 ஜனவரி 30ஆம் திகதி எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரு வேறு கடலடிக் கேபிள்கள் ஒரே நாளில் பழுதாகின. எகிப்திலும் இந்தியாவிலும் இணையம் பெரிதும் பாதிக்கப்பட்டது. கேபிள் இரண்டுதான், ஆனால் கடற்பாதை ஒன்று. உங்கள் இரு லைனும் ஒரே தூணில் வந்தால் இதே கதைதான். ஒன்று கேபிளாகவும் மற்றது 4ஜி ஆகவும், வெவ்வேறு கொம்பனியினதாகவும் இருப்பது நல்லது.

5. மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. ரவுட்டருக்கு யூ.பி.எஸ். இல்லாவிட்டால் எத்தனை லைன் இருந்தும் பயனில்லை.

6. டேட்டா அளவு. 4ஜி பெக்கேஜுக்கு எல்லை உண்டு. பெரிய லைன் விழுந்த நேரத்தில் சிசிடிவி பதிவும் வீடியோவும் அதில் ஏறினால் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் பில், கார்ட், வங்கி இவற்றுக்கு மட்டும் வழிவிடச் சொல்லுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. லைன் மாறும் நொடியில் நடந்துகொண்டிருக்கும் வேலை அறுந்துபோகும். நீங்கள் சப்ளையருக்குப் பணம் அனுப்பும்போது திரை உறைந்து நின்றால் மீண்டும் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் கணக்கு மீதியைப் பாருங்கள். கட்டளை ஏற்கனவே வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போய்விடும். காசாளருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கார்ட் மெஷினுக்கும் இதே விதிதான்.

மாதம் ஒருமுறை, வியாபாரம் குறைந்த நேரத்தில், பெரிய லைனின் வயரைக் கழற்றிப் பாருங்கள். கடை தொடர்ந்து ஓடுகிறதா? எத்தனை நொடியில் மாறுகிறது? வயரைத் திரும்பச் செருகியதும் பழையபடி வருகிறதா? இம்மூன்றையும் குறித்து வையுங்கள். வேகம்தான் தேவையென்றால் இருக்கும் லைனின் பெக்கேஜைக் கூட்டுவதே பெரும்பாலும் மலிவு. இரண்டாவது லைனுக்குக் கொடுக்கும் மாதக் கட்டணம், கடை நிற்காமலிருப்பதற்கான செலவென்றே கணக்கில் எழுதப்பட வேண்டும்.