செம்பனையின் வேலையைச் செய்யும் பாக்டீரியா

மெர்போக், செமிலிங், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனைக் குலையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் அதனுள் எண்ணெய் எவ்வாறு உருவாகிறது என்பதையும், அவ்வெண்ணெயின் கூறுகளைப் பாக்டீரியாவைக் கொண்டும் உண்டாக்க முடியும் என்பதையும் நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். இதன் அறிவியலையும், தோட்டத் தொழிலோடு இதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கொழுப்பு அமிலம் என்பது யாது?

கார்பன் அணுக்கள் சங்கிலிபோல் இணைந்து, ஒரு முனையில் அமிலத் தொகுதியைக் கொண்டிருக்கும் மூலக்கூறே கொழுப்பு அமிலமாகும். சங்கிலியின் நீளமே பெரும்பாலும் அதன் பயனை முடிவு செய்கிறது. செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து பிழியும் எண்ணெயில், 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் ஏறத்தாழ 44 விழுக்காடு உள்ளது. இவ்வெண்ணெய் சமையலுக்கும் பயோடீசலுக்கும் பயன்படுகிறது. கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலோ, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம் ஏறத்தாழப் பாதியாகும். சவர்க்காரம், ஷாம்பு, சலவைத்தூள் ஆகியவற்றுக்கு இது ஒரு முக்கிய மூலப்பொருள்.

பாக்டீரியாவும் செம்பனையும்

நமது குடலில் வாழும் இ. கோலி என்னும் பாக்டீரியாவும் தனது உயிரணுச் சவ்வுக்காகக் கொழுப்பு அமிலம் செய்துகொள்கிறது. சீனியைச் சிதைத்து, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் தொகுதிகளாக்கி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துச் சங்கிலியை நீட்டுகிறது. செம்பனையிலும் இதே முறைதான். தாவரங்களில் இவ்வேலை நடைபெறும் கணிகங்கள், பண்டைக் காலத்தில் தாவர உயிரணுவுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல்கள். ஆகவே இவ்வொற்றுமை வியப்புக்குரியதன்று.

ஒரு வேறுபாடு உண்டு. செம்பனை எண்ணெயைச் சேமித்து வைக்கிறது, இ. கோலி தேவைக்குமேல் செய்வதில்லை. வளரும் சங்கிலி ஒரு தாங்கு புரதத்தோடு ஒட்டியிருக்கும். அவ்வாறு ஒட்டிய சங்கிலிகள் தேங்கினால், தொடக்க நிலை நொதிகளின் வேலை தானாகவே அடங்கிவிடும். இந்தத் தடையை நீக்குவதுதான் ஆய்வாளர்களின் முதற்பணி.

செய்யப்படும் மாற்றங்கள்

முதலாவது, கத்தரிக்கோலைக் கொடுத்தல். தயோஎஸ்டரேஸ் என்னும் நொதி, சங்கிலியைத் தாங்கு புரதத்திலிருந்து வெட்டி விடுவிக்கிறது. தேக்கம் நீங்குவதால் உற்பத்தி தொடர்கிறது. எந்த நீளத்தில் வெட்டுவது என்பதும் நொதிக்கு நொதி மாறும். பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த கலிபோர்னியா பே மரத்தின் நொதி 12 கார்பனில் வெட்டக்கூடியது. அதன் மரபணுவை இ. கோலியில் செலுத்தி லாரிக் அமிலம் பெற்றதை, கால்ஜீன் நிறுவன ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்டனர்.

இரண்டாவது, விரயத்தைத் தடுத்தல். கொழுப்பு அமிலத்தையே உணவாக எரித்துவிடும் இயல்பு இ. கோலிக்கு உண்டு. அதற்குரிய மரபணுக்கள் நீக்கப்படுகின்றன.

மூன்றாவது, வேண்டிய பொருளாக மாற்றுதல். எரிக் ஸ்டீன், ஜே கீஸ்லிங் முதலானோர் 2010இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், இ. கோலி தன்னுள்ளேயே எத்தனாலையும் கொழுப்பு அமிலத்தையும் இணைத்துப் பயோடீசல் செய்தது. தாவரக் கழிவிலுள்ள ஹெமிசெல்லுலோசைச் சீனியாக உடைக்கும் நொதிகளையும் அதற்கு வழங்கியிருந்தனர்.

சீனிக் கணக்கு

அவ்வாறாயின் செம்பனைக்கு வேலை இல்லையா? ஓர் எளிய கணக்கு விடை தரும். பால்மிட்டிக் அமிலத்தின் ஒரு மோலுக்கு நான்கு மோல் குளுக்கோஸ் தேவை. அதன் எடை 720 கிராம். அதிலுள்ள 24 கார்பனில் 8 கரியமில வாயுவாக வெளியேறிவிடும். மிஞ்சும் 16 கார்பனில் கிடைக்கும் அமிலம் 256 கிராம். எந்த விரயமும் இல்லாவிட்டாலும், ஒரு கிலோ அமிலத்திற்கு ஏறத்தாழ 2.8 கிலோ சீனி வேண்டும். பாக்டீரியா தானும் உண்டு வளர வேண்டியிருப்பதால், நடைமுறையில் செலவு இன்னும் கூடும். செம்பனை மரமோ வெயிலைக்கொண்டு தன் சீனியைத் தானே ஆக்கிக்கொண்டு, ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு 3 டன் அளவில் எண்ணெய் தருகிறது.

எனவே, விலை மலிவான எரிபொருளில் பாக்டீரியா போட்டியிடுவது கடினம். விலை கூடிய வேதிப்பொருள்களில் அதற்கு இடமுண்டு. 2010ஆம் ஆண்டு ஆய்வில் பங்குகொண்ட எல்.எஸ்.9 நிறுவனம், எரிபொருளை நோக்கமாகக் கொண்டு 2005இல் தொடங்கி, பின்னர் வேதிப்பொருள்கள் பக்கமும் திரும்பியது. 2014இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

நமக்குரிய பாடம்

புதிய நுட்பத்தால் தோட்டத் தொழில் ஆட்டங்காண்பது புதிதன்று. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும், அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. போருக்குப் பின்னும் அது சந்தையில் நிலைத்தது. இயற்கை ரப்பர் அழியவில்லை. ஆயினும் அதன் விலையை நம்பியிருக்க முடியவில்லை. பிற்காலத்தில் பால்மரங்கள் பல வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை. லயன் வீடுகளை விட்டுச் சுங்கை பட்டாணி போன்ற பட்டணங்களுக்குப் பல குடும்பங்கள் பெயர்ந்தன. அம்முடிவுகள் எடுக்கப்பட்ட மேசைகளில் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாற்காலி இருக்கவில்லை.

இம்முறை போட்டி முதலில் எழக்கூடிய இடம் பருப்பெண்ணெய்ச் சந்தை எனலாம். அதே வேளையில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஆலைக்குச் செல்லும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பழம் உதிர்ந்த வெறுங்குலையாக எஞ்சுகிறது. அதன் நாரில் செல்லுலோசும் ஹெமிசெல்லுலோசும் நிறைந்துள்ளன. அவற்றை மலிவாகச் சீனியாக்க முடிந்தால், பாக்டீரியாவுக்கான தீனி தோட்டத்திலேயே கிடைத்துவிடும். செம்பனைக்குப் போட்டியாக வருவது அதற்குத் துணையாகவும் அமையும்.

மெர்போக்கிற்கு அருகிலுள்ள செமிலிங்கில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியல் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகள், குலையின் எடையையும் அறிவர். மரபணுவின் மொழியையும் கற்கின்றனர். வெறுங்குலையிலிருந்து மலிவாகச் சீனி எடுக்கும் வழியை ஆராய இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.