குளிர்காலத்தில் வெளியே நிற்கும் டிரெய்லர் டென்ட்

பிரிட்டனில் முகாம் பருவம் முடிந்ததும், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் மடிப்புக் கூடார வண்டியான டிரெய்லர் டென்ட் பல வீடுகளில் வசந்தம் வரை வாசலில்தான் நிற்கும். அதற்கு முதல் எதிரி ஈரம். நன்றாகக் காய்ந்த பிறகே கூடாரத் துணியை மடியுங்கள். தையல் ஓரங்களையும் ஜிப் அடியையும் விரலால் தொட்டுப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அவைதான். பருத்தித் துணியில் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் பிடித்துவிட்டால் கறை முழுதாகப் போவது கடினம்.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டவே வேண்டாம், உள்ளே நீர் கோத்துவிடும். காற்றோட்டமான உறை போட்டு, மழைநீர் தேங்காமல் வழிய முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். மெத்தைகள் வீட்டுக்குள் வரட்டும், எலிக்கு அவை நல்ல கூடு. தண்ணீர்க் குழாய், பம்பு இரண்டையும் வடித்துவிடுங்கள். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயை உடைக்கும். பிரேக் உள்ள வண்டியானால், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்துங்கள். இழுத்தே வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் வெயிலடிக்கும் நாள் கிடைத்தால் கூடாரத்தை விரித்துக் காற்றாட விடுங்கள்.