தமுக்கம் மாளிகை

மதுரை மாநகரில் சிம்மக்கல்லினின்று வடக்கே சென்று வையைப் பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையத்தை அடையலாம். அதற்கு அணித்தாக, மரங்கள் சூழ்ந்த வளாகத்தில் வெண்ணிற மாளிகை ஒன்று பொலிவுடன் நிற்கின்றது. சித்திரைப் பொருட்காட்சிக்காகத் தமுக்கம் திடலுக்குத் திரள்வோர் பல்லாயிரவர். அருகிலுள்ள இம்மாளிகையினுள் புகுவோர் சிலரே.

நாயக்கர் காலத்தில் எழுந்த இம்மாளிகையை இராணி மங்கம்மாளின் பெயரோடு இணைத்து வழங்குவர். அரச குடும்பத்தினர் இங்கிருந்து யானைப் போரும் மற்போரும் கண்டு களித்தனர் என்பர். பின்னர் இது கருநாடக நவாபின் கைக்கும், அவருக்குப்பின் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. 1955-ஆம் ஆண்டில் மாநில அரசு இதனைக் காந்தி நினைவு நிதிக்கு அளித்தது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு இங்குக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

உள்ளே விடுதலைப் போராட்ட வரலாற்றுப் படங்கள் வரிசையாக உள்ளன. அவற்றை விரைந்து பார்த்துவிட்டாலும், ஒரு கடிதத்தின் முன் சற்று நிற்றல் வேண்டும். காந்தியடிகள் ஜெர்மானியச் சர்வாதிகாரி ஹிட்லருக்கு எழுதியது அது.

அடிகள் அவருக்கு முதன்முதலாக எழுதியது 1939 ஜூலை 23 அன்று, வார்தாவிலிருந்து. சில வரிகளே கொண்ட சிறு மடல். மனித குலத்தைக் காட்டுமிராண்டி நிலைக்குத் தள்ளக்கூடிய போரைத் தடுக்க வல்லவர் நீர் ஒருவரே என்று அதில் வேண்டிக்கொண்டார். ஆங்கில அரசு அதனைச் செல்லவொட்டாமல் தடுத்துவிட்டது. நாற்பதாம் நாள் ஜெர்மானியப் படை போலந்தினுள் புகுந்தது. 1940 டிசம்பர் 24 அன்று அடிகள் மீண்டும், முன்னினும் விரிவாக எழுதினார். அதுவும் போய்ச் சேரவில்லை.

இரு மடல்களிலும் ஹிட்லரை அவர் 'நண்பர்' என்றே விளித்தார். ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்த கொடியோனை அவ்வாறு அழைக்கலாமா என்று வினவுவோர் உளர். அவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது. அன்பு மொழியால் அவன் மனம் மாறியிருப்பான் என்று நம்புதற்கும் இடமில்லை. ஆயினும், இரண்டாம் மடலில் அவன் செயல்களைக் கொடியவை என்று அடிகள் மறைக்காமல் கூறினார் என்பதையும் நாம் அறிதல் வேண்டும். எனக்குப் பகைவர் எவருமில்லை, ஆதலின் 'நண்பர்' என்பது வெறும் உபசார மொழியன்று என்றும் விளக்கினார். தீமையைத் தீமை என்று சொல்லவும் வேண்டும், தீயவனை வெறுக்கவும் கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தல் எத்துணை அரிது!

மற்றோர் அறையில் கண்ணாடிப் பேழையினுள் ஒரு துணி உள்ளது. 1921 செப்டம்பர் 22 அன்று, இதே மதுரையில், மேலமாசி வீதி இல்லமொன்றில் தங்கியிருந்தபோதுதான், ஏழை உழவரின் அரையாடையே இனித் தம் உடை என அடிகள் உறுதி பூண்டார். பேழையிலுள்ள துணி, 1948 ஜனவரி 30 அன்று தில்லியில் சுடப்பட்டபோது அவர் அணிந்திருந்தது. அதில் குருதிக்கறை உள்ளது. அங்குப் பேசிக்கொண்டே வருவோரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர்.