காலையில் அடம்பிடிக்கும் பழைய பைக்கா?

மார்கழிக் காலையில் பழைய ஸ்ப்ளெண்டர் போன்ற கார்ப்பரேட்டர் வண்டிகள் லேசில் ஸ்டார்ட் ஆகாது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதற்குத்தான் சோக். காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டித் தரும். சோக்கை முழுக்கப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிக் அடியுங்கள். பலர் முறுக்கிக்கொண்டே உதைப்பார்கள். அப்புறம் சோக் போட்டு என்ன பயன்? வண்டி சூடானதும் சோக்கை எடுத்துவிடுங்கள். மறந்தால் பிளக்கில் கரி படியும்.

உதைத்து உதைத்து பெட்ரோல் வாடை அடிக்கிறதா? ஓவர்ஃப்ளோ. சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி நாலைந்து கிக்.

அப்போதும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். முனை ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவைக்கலாம். கரி இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். ரொம்பத் தேய்ந்த பிளக்கோடு மல்லுக்கட்டாமல் புதிதாக வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை.

சோக் இருக்கும்வரை ஓடி, எடுத்ததும் அணைந்தால் பெரும்பாலும் கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் நுண்துளையான பைலட் ஜெட்டில் அடைப்பு. ஊசி, கம்பி எதையும் விட்டுக் குத்தாதீர்கள்; துவாரம் பெரிதானால் மைலேஜ் போச்சு. கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதச் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால், இந்த அடைப்பு வராமலிருக்க, திறந்தவெளியில் வைத்து பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.