மின்னணுக் காலத்தில் தனி இசைக் கலைஞரின் உரிமையும் வருவாயும்

முன்னுரை

இசை உள்ளத்துக்கு உணவு; ஆயினும் இசைப்பவருக்கும் வயிறு உண்டு. பாடகரின் குரலைப் போற்றும் நாம், அக்குரல் அவருக்குச் சோறு போடுகிறதா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று ஒரு கைப்பேசியும் இணைய இணைப்பும் உடைய எந்த மாணவரும் தாம் பாடிய பாட்டை உலகெங்கும் அனுப்பிவிடலாம். எனவே, ‘இனி எந்த நிறுவனத்தின் துணையும் வேண்டா’ என்ற எண்ணம் இளைஞரிடையே பரவியுள்ளது. இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வணிகவியல் நோக்கிலும் சட்ட நோக்கிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயிலும் வாயிற்காவலரும்

1902ஆம் ஆண்டில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் குரலைப் பதிவு செய்தார். அது முதற்கொண்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இசைத்தட்டு நிறுவனமே இசையுலகின் வாயிற்காவலராக விளங்கியது. ஒலிப்பதிவுக் கூடம், தட்டு அழுத்தும் ஆலை, கடைகளுக்குக் கொண்டு செல்லும் வலை ஆகிய மூன்றும் அதன் கையில் இருந்தன. கலைஞர் தம் உரிமையைக் கொடுத்து அவ்வாயிலைக் கடந்தார்.

1999ஆம் ஆண்டில் தோன்றிய நாப்ஸ்டர், பாடல்களை விலையின்றிப் பரிமாறிக்கொள்ள வழி செய்து இவ்வமைப்பை அசைத்தது. நீதிமன்ற ஆணையால் 2001இல் அது நின்றது. 2003இல் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு பாட்டை 99 செண்டுக்கு விற்கத் தொடங்கியது. 2008இல் ஸ்பாட்டிபை, பாட்டை விற்காமல் கேட்க மட்டும் தரும் முறையில் ஐரோப்பாவில் வெளிவந்தது. 2019இல் இந்தியாவிலும் நுழைந்தது. வாயில் அகலத் திறந்துவிட்டது. ஆனால், திறந்த வாயிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போது கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காண்பது அரிதாகிவிடுகிறது. இதுவே புதிய சிக்கல்.

ஒரு பாட்டில் எத்தனை உரிமைகள்?

ஒரு பாட்டு நம் செவிக்கு ஒன்றாகவே கேட்கிறது; சட்டத்தின் கண்ணுக்கு அது பலவாகும். சொற்கள் ஒரு படைப்பு. மெட்டு இன்னொரு படைப்பு. அவற்றைப் பதிவு செய்த ஒலி மூன்றாவது படைப்பு. சொல்லுக்கும் மெட்டுக்கும் ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உண்டு. இவ்வுரிமை படைப்பு உருவானவுடனே தோன்றிவிடும். பதிவு செய்துகொள்வது கட்டாயமன்று.

ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு என்பது முக்கியமான கேள்வி. பதிவைச் செய்ய முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றவரே அதன் தயாரிப்பாளர் என்கிறது சட்டம். ஆகவே, தாமே முயன்று, கூடத்துக்கு வாடகை கொடுத்துப் பதிவு செய்யும் கலைஞர், பாடகராக மட்டுமன்றித் தயாரிப்பாளராகவும் ஆகிறார். தனிக் கலைஞரின் உண்மையான மூலதனம் இதுவே.

2012ஆம் ஆண்டுத் திருத்தம்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம் ஒவ்வொரு இசை மாணவரும் அறிந்திருக்க வேண்டியதாகும். பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தம் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், அப்படைப்பின் பயன்பாட்டுக்கு வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது. சட்டபூர்வ வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதனை அளிக்கலாம். பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும், அவர்தம் நிகழ்த்துகை வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையை இதே திருத்தம் வழங்கியது.

உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து, கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்னும் சொற்கள் ஒப்பந்தங்களில் இடம் பெறுவதன் காரணம் இப்போது விளங்கும். அச்சொற்கள் இல்லையெனில் சட்டம் கலைஞரின் பக்கம் சாயும். இருந்தால் கலைஞர் தம் கையாலேயே அப்பாதுகாப்பைக் களைந்தவராவார்.

ஒரு கணக்கு

கேட்புக்கு எவ்வாறு பணம் கிடைக்கிறது? பெரும்பாலான நிறுவனங்கள் சந்தாப் பணம் முழுவதையும் ஒரே உண்டியலில் சேர்த்து, மொத்தக் கேட்பில் ஒவ்வொருவருக்கும் உள்ள விகிதப்படி பிரிக்கின்றன. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் தலைக்கு 100 ரூபாய் கட்டுகின்றனர். நிறுவனத்தின் பங்கு 300 ரூபாய் போக மீதி 700. ஒன்பது பேர் திரைப்பாடல்களை 980 முறை கேட்கின்றனர். பத்தாமவர் ஒரே ஒரு தனிக் கலைஞரை மட்டும் 20 முறை கேட்கிறார். மொத்தம் 1,000 கேட்புகள். ஒரு கேட்புக்கு 70 காசு. எனவே அத்தனிக் கலைஞரின் பாட்டுக்குச் சேர்வது 14 ரூபாய். பத்தாமவர் அவர் ஒருவருக்காகவே செலுத்திய 70 ரூபாயில் மீதி 56 ரூபாய் பிறருக்குச் சென்றுவிடுகிறது!

இக்குறையைக் கருதியே சவுண்ட்கிளவுட் 2021இல், கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே செல்லும் முறையைத் தனிக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது. மறுபுறம், 2024 முதல் ஸ்பாட்டிபையில் பன்னிரண்டு மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பணம் சேர்வதில்லை. ஆக, கேட்பு எண்ணிக்கையை மட்டும் நம்பி வாழ்வை அமைப்பது மணலில் கட்டிய வீடாகும்.

இரு முன்னோடிகள்

2007 அக்டோபரில் இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவினர் ‘இன் ரெயின்போஸ்’ என்னும் தொகுப்பைத் தம் இணையதளத்தில் வெளியிட்டு, விலையைக் கேட்பவரே முடிவு செய்யலாம் என்றனர். 2010இல் தில்லியின் இந்தியன் ஓஷன் குழுவினர் ‘16/330 கஜூர் ரோடு’ தொகுப்பின் பாடல்களை இணையத்தில் விலையின்றித் தந்தனர். இவற்றை எடுத்துக்காட்டி, ‘இலவசமாகக் கொடு, புகழ் வரும்’ என்பர் சிலர். ஆனால் இவ்விரு குழுவினரும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் மேடையேறித் தமக்கென ரசிகர்களைச் சேர்த்திருந்தனர் என்பதை மறத்தலாகாது. விளைந்த வயலில் கதிரை வாரி வழங்கலாம். விதைக்காத வயலில் வழங்க என்ன உண்டு?

மாணவர் கைக்கொள்ள வேண்டுவன

1. பாட்டை வெளியிடுமுன், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் பங்கை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிடுக. பணம் வந்தபின் பேசினால் நட்பு முறியும்.

2. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தெண்களால் ஆன ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் பன்னாட்டுக் குறியீடு உண்டு. அதனைப் பெற்றுக் குறித்து வைத்துக்கொள்க.

3. பாட்டை நிறுவனங்களுக்குக் கொண்டு சேர்க்கும் இடையீட்டாளருள் சிலர் ஆண்டுக் கட்டணமும் சிலர் வருவாயில் பங்கும் கேட்பர். கட்டணம் நின்றால் பாட்டு நீக்கப்படுமா, ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கும் என்று கேட்டறிக.

4. பாட்டெழுதுவோரும் இசையமைப்போரும் 1969இல் நிறுவப்பெற்ற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகலாம். தனித்து வசூலிக்க இயலாத ராயல்டியை இத்தகைய சங்கமே வசூலிக்க வல்லது.

5. ரசிகரோடு நேர்த்தொடர்பு கொள்க. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ரசிகர் நேரடியாக வாங்கலாம். மின்னிசை விற்பனையில் அத்தளத்தின் பங்கு பொதுவாக 15 விழுக்காடு. ஆண்டுக்கு 300 ரூபாய் தரும் ஆயிரம் பேர் இருந்தால் மூன்று இலட்சம் ரூபாய் ஆகிறது. ஒரு முறை கேட்டு மறக்கும் இலட்சம் பேரினும் இவ்வாயிரவர் மேலானவர்.

6. மேடையை விடாதீர். கோயில் விழா, கல்லூரி விழா, திருமண அரங்கு ஆகியவை இன்றும் கலைஞரின் கையில் நேரடியாகப் பணம் தருவன.

முடிவுரை

மின்னணுக் காலம் கலைஞருக்கு வாயிலைத் திறந்தது, வாழ்வைத் தந்துவிடவில்லை. முன்பு நிறுவனம் செய்த கணக்கர் வேலை, வழக்கறிஞர் வேலை, விற்பனையாளர் வேலை அனைத்தும் இன்று கலைஞரின் தோளிலேயே விழுந்துள்ளன. நம் கல்லூரியில் பறையிசைப்போரும் நாட்டுப்பாடல் பாடுவோரும் உள்ளனர். அவர்தம் பாட்டு நாளை நாடெங்கும் ஒலிக்கலாம். அன்று அதன் பயன் பிறர் வீட்டில் சேர்வதும் அவர் வீட்டில் சேர்வதும் இன்று இடும் ஒரு கையொப்பத்தைப் பொறுத்தது. ஆகவே, பயிற்சி செய்யும் நேரத்தில் ஒரு சிறு பகுதியை ஒப்பந்தத்தைப் படிக்கவும் ஒதுக்குவோமாக! சுருதி சேர்ப்பதில் காட்டும் கவனத்தைச் சொத்தைக் காப்பதிலும் காட்டுவோமாக!