வெய்யில் ஏறுமுன் வந்துவிடு

அச்சுவேலி,
பங்குனி மாதம்.

அன்பின் பெறாமகளுக்கு,

உனக்கு விமானி உரிமம் கிடைத்துவிட்டது என்றும், சித்திரை விடுமுறையில் இரத்மலானையிலிருந்து பலாலிக்கு நீயே செஸ்னா ஓட்டி வரப்போகிறாய் என்றும் கொப்பா தொலைபேசியில் சொன்னார். அன்று இரவு முழுக்க வீட்டில் இதே கதைதான். அம்மம்மாவுக்கு விடிய விடிய நித்திரை இல்லை.

1947 டிசெம்பர் 10-இல் ஏர் சிலோனின் முதலாவது பயணிகள் விமானம், ‘சீதா தேவி’ என்ற டகோட்டா, இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இதே பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பிறகு போர்க்காலம் முழுக்க அந்த விமானத்தள வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே எங்களுக்குக் கண்ணில் படவில்லை. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இப்போது எங்கள் பிள்ளை ஒருத்தி அங்கே தானே ஓட்டிவந்து இறங்கப்போகிறாள் என்றால், இந்தக் குடும்பம் அதை எப்படித் தாங்கிக்கொள்ளும் என்று யோசித்துப் பார். அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் எனக்குப் பயமும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொப்பா சொன்ன திட்டம் இது: காலை பத்து மணிக்குப் புறப்படுவாய், மத்தியானம் இங்கே சாப்பாடு, மூன்று மணிக்குத் திரும்பிப் போவாய். பிள்ளை, இந்த நேரக்கணக்கை அப்படியே கிழித்துப் போடு.

ஏப்ரல் நடுப்பகுதியில், 15-ஆம் தேதி அளவில், யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மத்தியானம் 34 பாகை வரும். விமானக் கையேட்டின் கணக்கெல்லாம் கடல்மட்டத்தில் 15 பாகையை அடிப்படையாக வைத்தது என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் டென்சிட்டி அல்டிடியூட், அதாவது காற்றின் அடர்த்தி காட்டும் உயரம், ஏறத்தாழ 120 அடி கூடும். 19 பாகைக்கு 2,300 அடி வருகிறது. பலாலி ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேல் ஒரு முப்பது அடிதான். ஆனால் உன் எஞ்சினும் இறக்கையும் கண்டியைவிட உயரமான ஊரில் நிற்பதுபோலத்தான் வேலை செய்யும். எங்கள் கடற்காற்றின் ஈரம் இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொள்ளும், ஈரக்காற்று வறண்ட காற்றிலும் பாரம் குறைந்தது. டகோட்டாவுக்கு 1,200 குதிரைவலு எஞ்சின் இரண்டு இருந்தது. உன் செஸ்னா 152-க்கு 110 குதிரைவலு, ஒரே எஞ்சின். அந்த வெக்கையில் 110-உம் முழுதாக வராது. நூறும் கொஞ்சமும் வந்தால் பெரிய காரியம்.

வளைகுடாவில் விமானப் பராமரிப்பு வேலையில் இருந்த காலத்தில் புது விமானிகளிடம் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உண்டு. நீளமான ஓடுபாதையைக் கண்டதும் வெப்பத்தை மறந்துவிடுவார்கள். பத்துப் பாகை கூடினால் ஓட்டம் பத்தில் ஒரு பங்கு நீளும், அவ்வளவுதானே, பாதை மிச்சம் இருக்கிறதே என்பார்கள். சக்கரம் நிலத்தை விட்ட பிறகுதான் குறை தெரியும். ஏறுவேகம் சோம்பிவிடும், எண்ணெய்ச் சூடு முள்ளை மேலே தள்ளும். அந்த நேரத்தில் மூக்கைத் தூக்கி ஏற்றப் பார்க்காதே. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் கூட்டு, எஞ்சினுக்கு மேலால் காற்று ஓடட்டும். உயரம் மெதுவாக வரும், வந்து சேரும். இறங்கப்போய்ச் சரிவராமல் திரும்ப மேலே எழும்பும்போதும் இதே சங்கதிதான்; ஆகவே அந்த முடிவை வெள்ளெனவே எடு.

பாரத்தையும் இதோடு சேர்த்து யோசி. மச்சாளைக் கூட்டி வருவது உன் விருப்பம், அவளைத் தராசில் ஏற்றி நிறுத்து எழுது, வாயால் சொல்லும் நிறையை நம்பாதே. திரும்பும்போது பெரியம்மா பனங்கட்டிக் குட்டானும் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டியும் கட்டித் தருவா. நான் மறித்துவிடுவேன், பஸ்ஸில் அனுப்புவோம்.

வழியைப் பற்றி. நேர்கோடு ஏறத்தாழ 180 கடல்மைல், ஆனால் அது வில்பத்துக் காட்டுக்கு மேலால் போகிறது. எஞ்சின் நின்றால் அங்கே இறங்க வெளி இல்லை. கட்டுநாயக்காவின் கட்டுப்பாட்டு வான்பரப்பை அவர்கள் சொல்லும் வழியில் கடந்து, கரையோரமாகப் புத்தளம் வரை வா. அங்கிருந்து அனுராதபுரத்துக்குத் திரும்பு. பிறகு வடக்குத் தண்டவாளத்தைப் பிடி: வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு. இரணைமடுக் குளத்தைத் தவறவிடவே முடியாது. இப்படி வந்தால் 30 கடல்மைல் அளவில் கூடும். அதற்குப் பதிலாகப் பாலாவி, அனுராதபுரம், வவுனியா என்று மூன்று விமானத்தளங்கள் உன் வழியிலேயே கிடக்கும். இருபது நிமிடத்துக்கு இதைவிட நல்ல விலை கிடைக்காது. பலாலியைத் தாண்டி வடக்கே இழுபடாதே, கடலில் கொஞ்சத் தூரத்திலேயே இந்தியக் கட்டுப்பாட்டு எல்லை வந்துவிடும். பலாலி விமானப்படைத் தளமும் என்பதால் முன் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும்.

எரிபொருள்: இந்த வழியில் ஒரு பக்கத்துக்கு 50 லீற்றர் அளவில் போகும். உன் தாங்கிகளில் பாவிக்கக்கூடியது 92 லீற்றர். ஒரே நிரப்பலில் போய்வர முடியாது என்று அந்தக் கணக்கே சொல்கிறது. பலாலியில் உன் எஞ்சினுக்கான அவ்காஸ் பெற்றோல் கிடைக்குமா என்று முதலே கேட்டு, பொறுப்பானவரின் வாயால் உறுதி வாங்கு. பெரிய விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் எரிபொருள் உனக்கு உதவாது. இல்லை என்று சொன்னால் பயிற்றுநரோடு இருந்து முழுப் பயணத்தையும் மறுபடி போடு. பகல் பறப்புக்குச் சட்டம் கேட்பது 30 நிமிட மிச்சம்; நீ ஒரு மணித்தியாலம் வை.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வருவது கார்பரேட்டரில் பிடிக்கும் பனிக்கட்டியைப் பற்றி. இந்த வெய்யிலில் பனியா என்று மச்சாள் சிரிப்பாள். நீ சிரிக்காதே. கார்பரேட்டரின் ஒடுங்கிய வாயால் காற்று பாயும்போதும் பெற்றோல் ஆவியாகும்போதும் உள்ளே 20, 30 பாகை வரை சூடு இறங்கிவிடும். வெளியே 28 பாகையும் நல்ல ஈரமும் இருக்கும் காலையில், வலுவைக் குறைத்து இறங்கிவரும்போதுதான் அது கட்டும். ஆனையிறவுக்கு மேலால் கடல்நீரேரிக் காற்றுக்குள் நீ இறங்கத் தொடங்கும் இடம் அதற்கு வாய்ப்பான இடம். சத்தம் எதுவும் கேட்காது. சுற்று மெல்ல மெல்லக் குறையும், நீ த்ரொட்டிலைக் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துகொண்டு வருவாய், ஏன் என்று யோசிக்கவே மாட்டாய். வலுவைக் குறைக்குமுன்பே கார்பரேட்டர் ஹீட்டை முழுதாக இழு. கட்டி ஏற்கெனவே இருந்தால் எஞ்சின் இன்னும் மோசமாகி உதறும். உருகிய தண்ணீர் உள்ளே போவதால் வரும் உதறல் அது. பயந்து திரும்பத் தள்ளிவிடாதே, பொறு. சுற்று தானாக ஏறும்.

வலிகாமத்துச் செம்மண் காலை எட்டரைக்கே சூடாகத் தொடங்கிவிடும். கடல் பக்கமாக இருந்து இறங்க வந்தால் விமானம் தண்ணீருக்கு மேல் அமுங்கும், நிலம் வந்ததும் தூக்கும். பருந்து வட்டமடிக்கும் இடத்தில் காற்று எழும்புகிறது என்று தெரிந்துகொள், பருந்துக்கும் இடம் விடு. சூட்டில் நிலம் வழமையிலும் வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். உண்மையிலேயே கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும். அதை நம்பி வேகத்தைக் குறைக்காதே, முள் காட்டும் எண்ணையே பிடி. பயணம் வைகாசிக்குத் தள்ளிப்போனால் சோளகம் தொடங்கிவிடும். அது தென்மேற்கிலிருந்து, ஓடுபாதை 23-க்கு நேர் எதிராக வரும் காற்று. அதனால் உனக்கு நல்லது.

தண்ணீர் குடி. பெண்பிள்ளைகள் வழியில் ஒதுங்க இடமில்லை என்று முதல்நாள் இரவிலிருந்தே வாயைக் கட்டிவிடுவார்கள், எனக்குத் தெரியும். உடம்பு காய்ந்தால் முதலில் தப்புவது சின்னக் கணக்குகள்தான், எந்தத் தாங்கியில் எவ்வளவு, எத்தனை மணிக்கு எந்த இடம் என்பவை. குடித்துவிட்டு வா. அந்தரமாக இருந்தால் வழியில் இறங்குவதற்கு அனுமதியை முன்பே கேட்டு வை.

ஆகவே நேரம் இது: ஆறு மணிக்குச் சூரியன் எழும்பும்போது நீ ஓடுபாதையில் நிற்க வேண்டும். எட்டரைக்குள் பலாலி. பிறகு இரண்டில் ஒன்று. நிலையத்தை விட்டு வெளிக்கிடாமல் ஒன்பதரைக்குள் திரும்பப் புறப்பட்டுவிடு. அல்லது வீட்டில் படுத்து அடுத்த நாள் விடியப் போ. சித்திரைப் பின்னேரங்களில் வன்னிக்கும் அனுராதபுரத்துக்கும் மேலே இடிமுகில் கட்டும். அதற்கு 20 மைல் கிட்டவும் போகாதே, அதன் கீழால் நுழைந்து வரலாம் என்று ஒருவர் சொன்னாலும் கேட்காதே. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் புறப்படுவது என்பது கிடையாது.

இப்போது அந்தப் பயம். அம்மம்மா காத்திருப்பா, பெரியம்மா நண்டுக்கறி வைப்பா, அயல் சனம் வேலியோரம் நிற்கும் என்ற எண்ணம் உன்னோடு விமானத்துக்குள் ஏறிவிடும். முகிலைக் கண்டு திரும்ப வேண்டிய இடத்தில் அது உன் கையைப் பிடித்து இழுக்கும். விமானங்கள் பல விழுந்தது இப்படி எப்படியும் போய்ச் சேரவேண்டும் என்ற நினைப்பால்தான். அதனால் வீட்டில் எல்லோரிடமும் நான் சொல்லிவிட்டேன்: நாளும் நேரமும் யாருக்கும் சொல்லப்படாது, விமான நிலையத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள், நீ இறங்கி அழைத்த பிறகுதான் உலை வைக்கப்படும். அம்மம்மா முதலில் கோபித்தா, பிறகு சம்மதித்துவிட்டா. நீ பாதியில் திரும்பி இரத்மலானைக்கே போனாலும் இங்கே யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வவுனியாவில் இறங்கினாய் என்றால் ஏ9 வீதியால் காரை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன், வடிவாகச் சாப்பாடும் கட்டிக்கொண்டு.

புறப்படுமுன் இரண்டு விஷயம் எனக்கு எழுது. உன் பாரக் கணக்குத் தாள், மச்சாளின் நிறையோடு. மற்றது, எஞ்சின் சரிபார்க்கும்போது கார்பரேட்டர் ஹீட்டை இழுத்தால் உன் விமானத்தில் எத்தனை சுற்றுக் குறைகிறது என்பது.

அன்புடன்,
பெரியப்பா