மழைக்கால ஆலோசனை: காமாலை கண்ட கர்ப்பிணியை ஒரு நாளும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. தெருவில் தண்ணீர் நிற்கும்போது எல்லாரும் டெங்குவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். காமாலை அப்போது வராது, மழை ஓய்ந்த பிறகு வரும். சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்த நாளிலிருந்து காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வெளியே தெரிய இரண்டு முதல் ஏழு வாரம், ஹெபடைடிஸ் இ தெரிய இரண்டு முதல் பத்து வாரம் ஆகலாம். ஐப்பசியில் குடித்த தண்ணீருக்கு மார்கழியில் கண் மஞ்சளாகும்.

1955இல் டெல்லியில் இதுதான் நடந்தது. யமுனை வெள்ளத்தில் சாக்கடை நீர் குடிநீர் எடுக்கும் இடம் வரை ஏறியது. வெள்ளம் வடிந்த பின், டிசம்பரிலும் ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் இ என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

இப்போதே செய்ய வேண்டியவை

1. சம்ப், மேல்நிலைத் தொட்டி: காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். நிரப்பிய பின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.
2. குடிநீர்: தளதளவென்று கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். வெதுவெதுப்பாக்கி இறக்குவதில் பயனில்லை. கேன் தண்ணீருக்கும் இதுவே.
3. குழாய்த் தண்ணீர் கலங்கினாலோ நாறினாலோ பிடிக்காதீர்கள். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அன்றே சொல்லுங்கள்.
4. கழிவறை போய் வந்ததும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
5. தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் கல்லீரலைத் தாக்கும்.
6. சாலையோரக் கரும்புச்சாறு, ஐஸ், பானிபூரித் தண்ணீர் வேண்டாம். காமாலைக்காரருக்கென்றே கரும்புச்சாறு வாங்கி வருகிறீர்களே, அதில் போட்ட ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கேட்டீர்களா?

மஞ்சள் ஏன் வருகிறது?

வலது விலாவுக்கு அடியில் இருக்கும் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் முதிர்ந்து உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவது அதனால்தான். கல்லீரல் வீங்கினால் அந்த மஞ்சள் ரத்தத்திலேயே தங்கிவிடும். முதலில் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகும், பிறகு கண் மஞ்சளாகும். ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்வதும், மூளையைக் கெடுக்கும் அம்மோனியாவை அகற்றுவதும் இதே கல்லீரல்தான். அது நின்றுபோனால் ரத்தக்கசிவும் மயக்கமும் வரும்.

கர்ப்பிணிகள்: இதைக் கவனமாகப் படியுங்கள்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் இ வந்தால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. சென்ற ஆண்டு நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட கர்ப்பிணிகளின் வீட்டார் சொன்னது ஒன்றுதான்: "யூரின் மஞ்சளா போச்சு, சூடுன்னு நினைச்சோம். அப்புறம் மூணு நாள் மருந்து கொடுத்துப் பார்த்தோம்."

அந்த மூன்று நாளில்தான் உயிர் போகிறது.

பெரும்பாலோருக்குக் காமாலை சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அதனால் எதைக் குடித்திருந்தாலும் நல்ல பெயர் அதற்கே போகிறது. அந்தப் பெயரை நம்பித்தான் நிறைமாதக்காரியையும் பச்சிலைக்கும், மந்திரிப்புக்கும், கையில் சூடு போடுவதற்கும் அழைத்துப் போகிறீர்கள். கையில் சாறு பூசிச் சுண்ணாம்பு நீரில் கழுவும்போது அது மஞ்சளாவது அந்தச் சாறும் சுண்ணாம்பும் சேர்வதால். உடம்பிலிருந்து ஒரு துளிப் பிலிருபின்கூட இறங்கவில்லை.

மாமியார்களே, கணவர்களே, உங்களைத்தான் சொல்கிறோம். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்து போனால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். "அமாவாசை கழியட்டும்" என்பதும் வேண்டாம். ராத்திரியானால் 108. கல்லீரல் பரிசோதனையோடு ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணி மட்டுமல்ல, காமாலை கண்ட எவருக்கும் பேச்சு குழறினால், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், ஈறில் ரத்தம் வந்தால், மலம் கறுத்துப் போனால், வாந்தி நிற்காவிட்டால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

காமாலைக்காரருக்கு வீட்டில்

பட்டினி போடாதீர்கள். கஞ்சி, இட்லி, பருப்பு, பழம் கொடுங்கள். உப்பை நிறுத்தும்படி மருத்துவர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். மது ஒரு சொட்டும் கூடாது. பாரசிட்டமால் உட்பட எந்த மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள்.

பித்தப்பை

பித்தப்பைக் கல்லாலும் மஞ்சள் வரலாம். பண்டிகைப் பலகாரமும் கறி விருந்தும் முடிந்ததும் அதன் வலி வரும். கல்லீரல் சுரக்கும் பித்தத்தைச் சேர்த்துவைத்து, எண்ணெய்ப் பண்டம் குடலுக்கு வந்ததும் பிழிந்து அனுப்புவது பித்தப்பை. உள்ளே கல் இருந்து வாயை அடைத்தால் மேல்வயிற்றின் வலப்பக்கம் பிடித்து, வலது தோள்பட்டை வரை வலிக்கும். வாயு என்று சோடா குடித்துக் கிடக்காமல் ஸ்கேன் எடுங்கள். வலியோடு குளிர்காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தால் பித்தக்குழாய் அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜூஸ் குடித்துக் கல்லைக் கரைக்கிறேன் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

கிராம சுகாதார செவிலியரின் எண்ணை இன்றே சுவரில் எழுதிவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நாளைக் காலை வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பாருங்கள். தை முடியும் வரை தினமும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால், மறுபடியும் சொல்கிறோம், அன்றே கிளம்புங்கள்.